அட்டவணையில் ஒன்பதாவது பெயர்

வக்கீல் ஞானதிரவியம் தாளில் கோடு கிழித்தார்:
பெயர், விலாசம், வாங்கியது, நிற்பது.
"யாரையும் விட்டுடாதீங்கம்மா.
ஒருத்தரை மறைச்சாலும் மனு நிக்காது."

துணி வெட்டிப் பழகிய கை.
நாலு கட்டத்துக்குள் ஏழு வருஷத்தை
மடித்து வைக்கத் தெரியவில்லை.

ஒன்று, வங்கி. அதற்கு முகம் கிடையாது.
இரண்டு, பதினொரு தையல் மெஷினுக்கும் தவணை போட்ட ஃபைனான்ஸ்.
மூன்று, ஈரோட்டுத் துணிக்காரர்.
தீபாவளிக்கு முறுக்கு டப்பா அனுப்புவார்,
இந்த வருஷம் அனுப்பவில்லை.
நான்கு, மொக்கராசு.
மீட்டர் வட்டிக்கு என்ன விலாசம் எழுத?
சாயங்காலம் ஆறரைக்கு
வில்லாபுரத்தில் என் வாசலை மறித்து நிற்கும்
புல்லட் என்றா?
ஐந்திலிருந்து எட்டு வரை சொந்தக்காரர்கள்.
அவர்களுக்குத் தொகை ஞாபகமிருக்கும்.
எனக்கு, கொடுக்கும்போது அவர்கள் சொன்ன வார்த்தை.

மஞ்சக் கடுதாசி கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
தெற்குவாசல் பாத்திரக்கடைக்காரர்
மறுமாதமே அதே தெருவில்
மச்சினன் பெயரில் கடை திறந்தார்.
குத்துவிளக்கு ஏற்றப் போனவர்களில்
கடன் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.
இன்னொருவர்,
அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும்
பந்தியில் உட்காரவில்லை.
மொய் எழுதிவிட்டு, மண்டபத்துக்கு வெளியே
டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

மகள் கல்யாணப் பத்திரிகைக்கு
நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய விரல் இது.
இதற்கு மூலை இல்லை, தாள் முழுக்க மஞ்சள் என்றேன்.
"இப்பல்லாம் வெள்ளைத்தாள்லதான் போகுது.
பேருதாம்மா மஞ்சள்" என்றார்.
ஊர் கண்ணுக்கு மஞ்சளாகத்தான் தெரியும்.

ஃபீஸ் சொன்னார்.
கையில் ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் சொல்ல
கையில் கொஞ்சம் இருக்க வேண்டியிருக்கிறது.
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் கொழுந்தனை?"
"உங்களைத்தாம்மா விடுவாங்க."

கொடுக்காமல் இருந்தால்?
வட்டி மட்டும் மாசம் நாற்பத்திரண்டாயிரம்.
நைட்டிக்கு ஒன்பது ரூபாய் நிற்கும்.
நாலாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு நைட்டி,
ஒவ்வொரு மாசமும், அசலைத் தொடாமல்.
அத்தனை பெண்கள் மதுரையில்
நிம்மதியாய்த் தூங்கப் போகிறார்களா என்ன.

"அவ்வளவுதானா?" பேனாவை மூடப்போனார்.
இல்லை. ஒன்பது, ஒச்சம்மா.
பட்டன் கட்டுகிறவள். அவனியாபுரம்.
"எவ்வளவு?"
தோடு.
"ரூபாயில சொல்லுங்க."
நான் கேட்கவே இல்லை சார்.
கரண்ட் பில் கட்டாமல் மெஷின் நின்ற அன்று
மகள் காதிலிருந்து கழற்றி
பட்டன் டப்பாவுக்குள் போட்டுத் தந்தாள்.
திருகாணியை நூலில் கோத்திருந்தாள், தொலையாமலிருக்க.
அடகுக் கடையில் எடை போட்டதும்தான் எனக்கே தெரிந்தது,
இரண்டு கிராம் அறுநூறு மில்லி.

அவளுக்கு மட்டும் முன்னாலேயே
கொடுத்துவிடலாமா?
"மனுவுக்கு முன்னாடி ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா
அதுக்கும் கேள்வி வரும்.
சட்டத்துக்கு எல்லாரும் ஒரே வரிசைதாம்மா."

மொக்கராசுவுக்கும் ஒச்சம்மாவுக்கும் நடுவே
நாலு வரிதான்.

எழுதுங்கள் என்றேன்.
கையெழுத்தை நாளைக் காலையில் போடுகிறேன்.

தபால் போக எத்தனை நாள் ஆகும்?
அதற்கு முன்னால் நான் போயிருக்க வேண்டும்.
அவனியாபுரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
ஒத்திகை பார்க்கிறேன்.
"ஒச்சம்மா, ஒரு தாளில் உன் பேரை..."
வாய் அதற்கு மேல் வரவில்லை.
பெரியார் நிலையம் தாண்டியும் வரவில்லை.

அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்,
பஸ் போர்டைக்கூட.
தன் பெயரை மட்டும்
சம்பள நோட்டில் பார்த்துப் பார்த்து
ஒரே மூச்சில் படித்துவிடுவாள்.